வலது கைக்கு எத்தனை கிலோ

ஜனவரி 11

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். தாளில் கிரீஸ் வாசனை வந்தால் மன்னித்துக்கொள். மேஜையில் நட்டும் போல்ட்டும் கிடக்கிறது, ஓரமாகக் கொஞ்சம் இடம் ஒதுக்கி எழுதுகிறேன். உன் அம்மா பார்த்தால் மேஜையோடு சேர்த்து என்னையும் வெளியே தூக்கிப் போடுவாள். நல்லவேளை, அவள் உன்னோடு அத்தை வீட்டில் இருக்கிறாள்.

போனில் நமக்கு ஒத்து வரவில்லை. நான் ஏதாவது தமாஷ் சொல்கிறேன், நீ 'ம்' என்கிறாய், அப்புறம் 'அம்மாகிட்ட தர்றேன்' என்கிறாய். அவள் வாங்கி, 'என்ன சொன்னீங்க அவகிட்ட?' என்று என்னைக் குடைகிறாள். ஒன்றும் சொல்லாமலே திட்டு வாங்குவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு, அதை விடு. ஆனால் இரண்டு வருடமாக இதே கதை. கடிதம் என்றால் நீ பாதியில் வைத்துவிட்டுப் போனாலும் எனக்குத் தெரியாது பார்.

விஷயத்துக்கு வருகிறேன். நம்முடைய சின்ன டிராக்டரைக் கையால் ஓட்டுகிற மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறேன். எலுமிச்சை வரிசைக்குள் நுழைகிற வண்டி அது ஒன்றுதான். அதை உன்னைவிட ஒழுங்காக ஓட்டியவர்கள் இந்தப் பக்கத்தில் கிடையாது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆக்சிலேட்டர் ஏற்கெனவே கையில்தான் இருக்கிறது. மிச்சம் க்ளட்சும் பிரேக்கும். க்ளட்ச் மிதிக்கு ஒரு லிவர் இடது பக்கம். சக்கரத்துக்கு ஒன்றாக இருக்கிற இரண்டு பிரேக் மிதியையும் சேர்த்துப் பூட்டி, அதற்கு ஒரு லிவர் வலது பக்கம். சக்கர நாற்காலியிலிருந்து சீட்டுக்கு மாற அதே உயரத்தில் ஒரு மேடை. நானும் பட்டறைக்காரரும் செய்கிறோம். ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான், கூட்டிப் பார்த்தால் பதினெட்டாவது வருகிறது, இன்ஜினியருக்குக் கிட்டத்தட்ட சமம்.

இத்தோடு ஒரு ஸ்பிரிங் தராசு அனுப்பியிருக்கிறேன். அதை ஜன்னல் கம்பியில் கட்டு. நாற்காலியில் உட்கார்ந்தபடி கொக்கியைப் பிடித்து இழு. முள் எந்த எண்ணில் நிற்கிறதோ அதை எழுது. வலது கைக்கு எத்தனை கிலோ, இடது கைக்கு எத்தனை கிலோ. அந்த எண்ணை வைத்துத்தான் லிவரின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும். பட்டறைக்காரர் வெல்டிங் ராடோடு காத்திருக்கிறார்.

அப்பா


ஜனவரி 26

அப்பாவுக்கு,

தராசு வந்தது. 'உங்க வீட்டுக்காரர் எனக்குக் கறிகாய் எடை போட அனுப்பியிருக்காரா?' என்று அத்தை அம்மாவைக் கேட்டாள்.

யார் உங்களைச் செய்யச் சொன்னது? நான் கேட்டேனா? வரவே மாட்டேன் என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. நீங்களாக மிதியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டீர்கள். எப்போதும் இப்படித்தான்.

நான் இங்கே சும்மா இல்லை. வாஷிங் மெஷின் கம்பெனிக்காக வீட்டிலிருந்தே போனில் புகார் கேட்கிறேன். காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை ஊரில் உள்ளவர்கள் எல்லாம் என்னைத் திட்டுகிறார்கள். 'தொட்டி சுத்த மாட்டேங்குது' என்பார்கள். 'மன்னிக்கணும் சார்' என்பேன். இதே வார்த்தையை ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறேன் என்று கணக்கே இல்லை. நீங்கள் இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

நாம் யாரும் அதைப் பேசுவதில்லை. நான் எழுதிவிடுகிறேன். டிரெய்லரை மாட்ட டிராக்டரைப் பின்னால் எடுத்தீர்கள். நான் நடுவில் குனிந்து இணைப்பு பின்னைச் சொருகிக்கொண்டிருந்தேன். நீங்கள் க்ளட்சை மிதித்தபடியே திரும்பிப் பார்த்து, பட்டறைக்காரர் பல் கட்டிக்கொண்டு வந்ததைப் பற்றி ஏதோ சொன்னீர்கள். நானும் சிரித்தேன். நீங்கள் சொன்னதற்கு நீங்களே விழுந்து விழுந்து சிரித்தீர்கள், கால் மிதியிலிருந்து வந்துவிட்டது, வண்டி என் மேல் பாய்ந்தது. கால் வழுக்கியதைச் சொல்லவில்லை அப்பா. யாருக்கும் வழுக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அத்தை வீட்டுக்கு வந்தோம். அதற்கப்புறம் நீங்கள் ஒரு தடவைகூட வந்து என்னைப் பார்க்கவில்லை.

வலது கை: 14. இடது கை: 12.


பிப்ரவரி 9

பாப்பாவுக்கு,

பதினாலு. பட்டறைத் தராசில் உட்கார்ந்தபடி நானும் இழுத்துப் பார்த்தேன், பதிமூன்றுதான் வந்தது. பட்டறைக்காரர் பத்தொன்பது இழுத்தார், ஆனால் அப்புறம் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. ஆகவே நியாயமாகப் பார்த்தால் நீதான் முதலிடம்.

கணக்கு இப்படி. சரிவில் வண்டியை நிறுத்த பிரேக் மிதியில் முப்பது கிலோ அழுத்தம் வேண்டும். லிவர் மூன்று பங்கு நீளம் என்றால் கைக்குப் பத்து கிலோ போதும். நான்கு பங்கு நீளம் என்றால் ஏழரையே போதும், ஆனால் லிவர் ஸ்டியரிங்கில் இடிக்கிறது, உன் கை நீட்டத்துக்கும் எட்டாது. பட்டறைக்காரர் 'நீளமாவே வைப்போம்யா, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தூக்கிக்கலாம், எதுக்கும் இருக்கட்டும்' என்றார். நான் விடவில்லை. 'என் பொண்ணுக்குப் பதினாலு இருக்கு, பத்துக்கு மேல நாலு மிச்சம்' என்றேன். உன் எண்ணை நான் சொன்ன விதத்தைப் பார்த்து, பரீட்சை மார்க் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் பக்கத்தில் இருந்தவர்.

நேற்று என் இரண்டு காலையும் கயிற்றால் சேர்த்துக் கட்டிக்கொண்டு, மேடையிலிருந்து சீட்டுக்குக் கையால் மட்டும் மாறிப் பார்த்தேன். சீட்டுக்கும் மேடைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். பட்டறைக்காரர் வந்து தூக்கும்வரை கால் மணி நேரம் அப்படியே தொங்கினேன். இடைவெளியைப் பலகை போட்டு மூடியாகிவிட்டது. இந்த மாதிரி விஷயங்களுக்கு ஒரு முட்டாள் தேவைப்படுகிறது, அது நம் வீட்டிலேயே இருப்பது வசதி.

நான் வராததைப் பற்றியும் கேட்டிருந்தாய். மோட்டார் ரிப்பேர், மருந்து அடிக்கும் சமயம், மரத்தை விட்டுவிட்டு நகர முடியவில்லை. எழுதும்போதே எனக்கும் தெரிகிறது, இரண்டு வருடமாக ஒருவனுக்கு மோட்டார் ரிப்பேர் ஆகாது. அதற்குப் பதிலை அப்புறம் எழுதுகிறேன்.

லிவரை உன் பக்கம் இழுக்கிற மாதிரி வைக்கிறேன். சரிதானே?

அப்பா


மார்ச் 2

அப்பாவுக்கு,

சரியில்லை. இழுக்கிற மாதிரி வைக்காதீர்கள். எனக்கு இடுப்புக்கு மேலேயும் பிடிமானம் கிடையாது. கனமான எதையாவது இழுத்தால் அது வராது, நான்தான் அதை நோக்கிப் போவேன். முதல் மாதம் அத்தை வீட்டு ஃபிரிட்ஜைத் திறக்கப் போய் அதன் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டேன். தள்ளுகிற மாதிரி வையுங்கள். தள்ளினால் முதுகு சீட்டில் அழுந்தும், நகர மாட்டேன். சீட்டுக்கு முதுகுப் பலகை உயரமாக, நெஞ்சுக்கு ஒரு பெல்ட். க்ளட்ச் லிவரைத் தள்ளினதும் அங்கேயே மாட்டிக்கொள்ள ஒரு வெட்டு வேண்டும், கியர் மாற்ற கை காலியாக இருக்க வேண்டும். ஸ்டியரிங்கில் ஒரு குமிழ், ஒரு கையால் சுற்ற.

இன்னொன்று. பிரேக்கையும் இடது பக்கம் கொண்டு வர முடியுமா? சும்மா கேட்கிறேன். முடியாவிட்டால் விடுங்கள்.

கயிறு கட்டிக்கொண்டு தொங்கினதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 'இந்த மனுஷனுக்கு எப்பதான் புத்தி வரும்' என்றாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, 'நிஜமாவே கால் மணி நேரமா?' என்று கேட்டாள்.

போன வாரம் ஒருவர் போனில் கத்திக்கொண்டிருந்தார். நான் காதில் வாங்காமல், முதல் கியரில் வரிசைக்குள் நுழையும்போது கிளைகள் பானெட்டை உரசுகிற சத்தத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். 'என்னம்மா, லைன்ல இருக்கியா?' என்றார். இருக்கிறேன் சார் என்றேன்.

ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு அத்தை காரில் கூட்டிவருகிறாள். ஒரே ஒரு நாள். அதற்கு மேல் எதுவும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.


மார்ச் 15

பாப்பாவுக்கு,

நீ சொன்ன அத்தனையும் செய்தாகிவிட்டது. தள்ளுகிற லிவர், வெட்டு, குமிழ், முதுகுப் பலகை, பெல்ட். பட்டறைக்காரர் உன் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, 'இத்தனை நாளா இதை யாரைக் கேட்டுச் செஞ்சோம்?' என்றார். என்னைக் கேட்டுத்தான் செய்தார். அதுதான் கோளாறு.

பிரேக் மட்டும் வலது பக்கமேதான். இடது பக்கம் இரண்டு லிவர் வந்தால் ஒன்றோடொன்று உரசுகிறது. உனக்கு வலது கைதானே பலம், பதினாலு ஆயிற்றே.

வீட்டு வாசல் படியை உடைத்துச் சரிவு போட்டிருக்கிறேன். குளியலறைக் கதவை அகலமாக்கினேன், இப்போது அது மூட மாட்டேன் என்கிறது, அதையும் பார்த்துவிடுகிறேன். அத்தையிடம் சொல், மெதுவாக ஓட்டச் சொல்.

அப்பா


ஏப்ரல் 17

பாப்பாவுக்கு,

நீ போய் நாலு நாள் ஆகிறது. திங்கட்கிழமை விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டீர்கள். காரில் ஏறும்போது நீ என்னைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அந்த லிவரைக் கழற்றி, பட்டறைக்காரரின் மேஜையில் வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். வெல்டிங் விடவில்லை. ராடு வளையவில்லை. இணைப்பு பின் தேயவில்லை. 'எல்லாம் சரியாத்தான் இருக்கு' என்கிறார். எல்லாம் சரியாக இருந்தால் வண்டி ஏன் நிற்கவில்லை? மூன்று வரிசை நீ அழகாக ஓட்டினாய். நான் முன்னால் பின்னோக்கி நடந்தபடி, வா வா என்று கையைக் காட்டிக்கொண்டு வந்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு இறங்குகிற சரிவில் நீ வலது லிவரைத் தள்ளினாய். பார்த்தேன், தள்ளினாய். வண்டி வந்துகொண்டே இருந்தது. நான் ஒதுங்கினேன், அது தொட்டிச் சுவரில் போய் முட்டி நின்றது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. உனக்கும் இல்லை என்று அம்மா சத்தியம் பண்ணினாள்.

ஆகவே தப்பு என் கணக்கில்தான் இருக்க வேண்டும். மூன்று பங்கு என்று நான் அடம் பிடித்தேன். பட்டறைக்காரர் நீளமாக வை என்றார், கேட்கவில்லை. இப்படி ஒரு பெண்ணை அதே வண்டியில், அதே அப்பன், இரண்டாவது தடவை. முதல் தடவையை ஒரு தடுமாற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதை என்னவென்று சொல்வது.

இனி ஸ்பேனரைத் தொட மாட்டேன். டிராக்டரை எடுத்துக்கொண்டு போகும்படி வியாபாரியிடம் சொல்லிவிட்டேன், செவ்வாய்க்கிழமை வருகிறான். உன்னிடம் நான் இதுவரை சொல்லாத வார்த்தையைச் சொல்கிறேன். மன்னித்துவிடு. தாமதமாகிவிட்டது என்று தெரியும்.

நீ பதில் எழுத வேண்டாம்.

அப்பா


ஏப்ரல் 20

அப்பாவுக்கு,

டிராக்டரைக் கொடுக்காதீர்கள். இந்தக் கடிதம் கிடைப்பதற்குள் அவன் வந்துவிடக் கூடாது என்று அம்மாவை எத்தனையோ தடவை போன் பண்ண வைத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. பட்டறைக்காரருக்குச் சொல்லியாகிவிட்டது, அவர் போய்த் தடுப்பார்.

உங்கள் கணக்கில் தப்பில்லை. நான் கொடுத்த எண்ணில்தான் தப்பு.

பதினாலு பொய் இல்லை. ஆனால் அது போன வருடத்து எண். பிசியோ டாக்டரின் நோட்டில் இருந்தது. நீங்கள் அனுப்பிய தராசில் நான் இழுத்தபோது வலது கைக்கு ஐந்து வந்தது. திரும்ப இழுத்தேன். ஐந்து. அத்தை சமையலறையில் இருந்தாள், அவளுக்குத் தெரியாது.

நவம்பரில் ஸ்கேன் எடுத்தார்கள். அடிபட்ட இடத்தில் தண்டுவடத்துக்குள் நீர் சேர்ந்து அது மேலே ஏறிக்கொண்டிருக்கிறதாம். முதலில் வலது கை. பிறகு இடது. ஆபரேஷன் செய்தால் ஏறுவது நிற்கலாம், நிற்காமலும் போகலாம், போன பலம் திரும்பாது. அம்மாவுக்குப் பாதிதான் தெரியும், அந்தப் பாதிக்கே அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. போன நான்கு மாதமாக இடது கையால்தான் எழுதுகிறேன். என் எழுத்து மாறியிருப்பது உங்களுக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபமா நிம்மதியா என்று எனக்கே புரியவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இரண்டு வருடம் கழித்து எனக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினீர்கள். அதில் ஐந்து என்று எழுதியிருந்தால் நீங்கள் நிறுத்தியிருப்பீர்கள். 'பாவம் பிள்ளை' என்று பட்டறைக்காரர் மிதியைத் திரும்ப மாட்டியிருப்பார். எனக்கு ஒரு தடவை ஓட்ட வேண்டும் என்று இருந்தது. கை இருக்கும்போதே. சரிவு வரைக்கும் போகக் கூடாது, மூன்று வரிசையோடு திரும்பிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் வா வா என்றீர்கள். வந்துவிட்டேன்.

லிவரைத் தள்ளினேன் அப்பா. என்னிடம் இருந்த அத்தனையும் தள்ளினேன். நீங்கள் எதிரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அது நகரவில்லை. நீங்கள் ஒதுங்கியிருக்காவிட்டால் என்று யோசிக்கிறேன், அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. உங்களுக்கு இரண்டு வருடம் எப்படிப் போயிருக்கும் என்று இந்த ஒரு வாரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. காரில் ஏறும்போது அதனால்தான் பார்க்கவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு முழுக்க நீங்கள் லிவரைப் பார்த்தீர்கள், பெல்ட்டைப் பார்த்தீர்கள், என் கை எங்கே பிடிக்கிறது என்று பார்த்தீர்கள். மேடைக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனது அத்தை. சீட்டுக்கு மாறும்போது என் காலைத் தூக்கி வைத்தது அம்மா. நீங்கள் வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டீர்கள். என் கால்களை நீங்கள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

நீங்கள் இப்போது இடது கைக்கு ஒரு லிவர் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். எனக்குத் தெரியும். வேண்டாம். எதையும் செய்து அனுப்பாதீர்கள். நீங்கள் வாருங்கள்.


ஏப்ரல் 26

பாப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் தமாஷ் எதுவும் இல்லை, தேடாதே.

வியாபாரி வந்தபோது பட்டறைக்காரர் வண்டிக்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஏன் என்று என்னிடம் சொல்லவில்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் சொன்னார். அதுவரை நான் அவரோடு சண்டை போட்டேன்.

உன் எழுத்து மாறியது எனக்குத் தெரிந்தது. முதல் கடிதத்திலேயே தெரிந்தது. கோபத்தில் கிறுக்கியிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தால் அதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை அல்லவா. நான் இப்படித்தான்.

நீ சொன்னது சரிதான், இடது கைக்கு யோசித்தேன். படம்கூடப் போட்டேன். பட்டறைக்காரர் 'நாலு கிலோவுக்கும் செய்யலாம், ரெண்டு கிலோவுக்கும் செய்யலாம்' என்றார். 'அதுக்கப்புறம்?' என்று கேட்டேன். அவர் கையில் இருந்த வெல்டிங் ராடைக் கீழே வைத்தார். ஒன்றுமே இல்லாத கைக்கு லிவர் செய்ய அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. படத்தை மடித்து வைத்துவிட்டேன்.

ஏன் வரவில்லை என்று கேட்டாய். அப்புறம் எழுதுகிறேன் என்றேன், எழுதவில்லை. நான் வந்தேன், பாப்பா. முதல் வருடம் ஜூலையில். அத்தை வீட்டுக் கட்டடத்தின் கீழே லிஃப்டுக்காக நின்றேன். லிஃப்ட் திறந்தது. உள்ளே ஒரு பெண் சக்கர நாற்காலியில். நீ இல்லை, யாரோ வயதான அம்மா. அவர் வெளியே வரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'தேங்க்ஸ்ப்பா, யாரைப் பார்க்க வந்தீங்க?' என்று கேட்டார். என் பொண்ணை என்று சொல்ல வாய் வரவில்லை. தப்பான கட்டடம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். அன்றைக்கு உன் அம்மாவிடம் மோட்டார் ரிப்பேர் என்று சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அதுவே வாயில் வந்தது.

உன் கால்களைப் பார்த்தால் என்னவாகும் என்று நினைத்தேனோ தெரியவில்லை. பார்க்காமல் இருந்தால் அது இன்னும் நடக்கவில்லை என்பது மாதிரி ஒரு நினைப்பு. கையையும் அப்படி விட்டுவிடுவேனோ என்று இப்போது பயமாக இருக்கிறது. இடது கை இருக்கும்போதே வந்துவிட வேண்டும்.

தோட்டத்துக்குத் தண்ணீர் விட பட்டறைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். எத்தனை நாள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பையில் இரண்டு வேட்டி, நாலு சட்டை, கண்ணாடி. ஸ்பேனர் எதுவும் வைக்கவில்லை, வேண்டுமானால் பையைச் சோதித்துப் பார்.

சனிக்கிழமை காலை பஸ். மதியம் இரண்டு மணிக்கு உங்கள் வீட்டு வாசலில் இருப்பேன். உன் அம்மாவிடமும் அத்தையிடமும் சொல், அன்றைக்கு யாரும் கதவுக்கு வர வேண்டாம். நீ வந்து திற. எந்தக் கையால் முடிகிறதோ அந்தக் கையால். எத்தனை நேரம் ஆனாலும் நான் மணியைத் திரும்ப அடிக்க மாட்டேன். வெளியே நின்றுகொண்டிருப்பேன்.

அப்பா